ரயில் விட்டுப்போன 152 கிலோமீட்டர்

நியூசிலாந்தின் தென்தீவில், கடலோரத்து டனிடின் நகரிலிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால் மத்திய ஒட்டாகோ வரும். மொட்டை மலைகள், ஆட்டுப் பண்ணைகள், தூரத்துக்கு ஒன்றாகச் சிற்றூர்கள். அந்த மலைகளுக்கு நடுவே மிடில்மார்ச் என்ற ஊரில் தொடங்கி கிளைட் என்ற பழைய தங்கவேட்டை ஊர்வரை 152 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை போகிறது. அதில் கார் வராது, லாரி வராது, மோட்டார் சைக்கிளும் வராது. சைக்கிளில் போகலாம், நடக்கலாம், குதிரையிலும் போகலாம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் கடல்மட்டத்திலிருந்து 618 மீட்டர் உயரம்வரை ஏறி இறங்க வேண்டும். ஆனால் எந்த இடத்திலும் 50 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏற்றம் கிடையாது.

ஒரு காலத்தில் இது ரயில் பாதை. 1990இல் ரயில் நின்றது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் முழு நீளமும் சைக்கிள் தடமாகத் திறக்கப்பட்டது. மலைநாட்டுக் கிராமப் பகுதியில் வாகனமில்லாத நெடுந்தூர சைக்கிள் வழி எப்படி உருவாகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். பாதையின் அழகும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இது கைமாறிய விதம். அந்த 152 கிலோமீட்டரும் துண்டு துண்டாகச் சிதறாமல் ஒரே கீற்றாக ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயின. மற்ற வேலைகளெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

50க்கு 1 என்றால் காலுக்கு என்ன?

சைக்கிளும் ஆளும் பையும் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், 50க்கு 1 ஏற்றத்தில், சரளை போட்ட பாதையில் போக ஏறத்தாழ 75 வாட் சக்தி போதும். ஓரளவு நடமாட்டம் உள்ள ஐம்பது அறுபது வயதுக்காரர் மணிக்கணக்காகக் கொடுக்கக்கூடிய சக்திதான் அது. ஏற்றம் 8 சதவீதமாகிவிட்டால் அதே வேகத்துக்கு 220 வாட் வேண்டும். நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களைத் தவிர மற்றவர்கள் சில நிமிடத்திலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிடுவார்கள். மலைப் பகுதியின் சாதாரணச் சாலைகளில் 8 சதவீத ஏற்றம் அரிதல்ல. சைக்கிள் பயணம் திடகாத்திரமானவர்களின் விளையாட்டாக இருப்பதா, குடும்பத்தோடு போகும் விடுமுறையாக இருப்பதா என்பதை இந்த ஒரு வித்தியாசமே முடிவு செய்துவிடுகிறது.

நீராவி இன்ஜினுக்கும் இதே சிக்கல்தான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். ஆகவே ரயில் பொறியாளர்கள் மலையை நேராக ஏறாமல் சுற்றிப்போனார்கள். மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை மண்ணணை போட்டு நிரப்பினார்கள், எங்கும் வழியில்லாத இடத்தில் குடைந்தார்கள். இந்தப் பாதையில் ஓமகாவுக்கும் சாட்டோ கிரீக்குக்கும் இடையே டைகர் ஹில் என்ற குன்று இருக்கிறது. ரயில் தடம் அதை வளைந்து நெளிந்து சுற்றுகிறது. சைக்கிளில் போகிறவர், இறங்கும் இடம் எதிரே தெரிந்தும் ஏன் இவ்வளவு சுற்றுகிறோம் என்று நினைக்கக்கூடும். அந்தச் சுற்றுதான் அவர் முழங்காலைக் காக்கிறது.

எல்லா மலை ரயிலும் இப்படி விட்டுப்போவதில்லை. நம் நீலகிரி ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12க்கு 1 என்ற ஏற்றத்தில், நடுவே பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அந்தச் சரிவில் நெடுந்தூர சைக்கிள் பயணிகள் தடுமாறிப்போவார்கள். பல்சட்டம் இல்லாமல், வெறும் உராய்வை நம்பி ஏறிய ரயில்களின் தடம்தான் சைக்கிளுக்கு உதவும். பழைய ரயில் தடம் கிடைத்தால் போதும் என்று நினைக்கும் திட்டக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதன் சரிவு விகிதத்தை.

வந்ததும் போனதும்

1862இல் இன்றைய கிளைட் அருகே ஹார்ட்லி, ரைலி என்ற இருவர் குளூத்தா ஆற்றுப் பள்ளத்தாக்கில் தங்கம் எடுத்தார்கள். அந்தச் செய்தி பரவி ஆயிரக்கணக்கானோர் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பண்ணைகள் வந்தன, பண்ணைகளுக்காக ரயில் கேட்டார்கள். டனிடின் பக்கம் விங்கட்டூயியில் 1879இல் முதல் மண் வெட்டினார்கள். தாய்ரி ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கைத் தாண்டி மிடில்மார்ச்சை எட்டவே 12 ஆண்டுகள் ஆயின. 1898இல் ரான்ஃபர்லி, 1906இல் அலெக்சாண்ட்ரா, 1907இல் கிளைட், கடைசியாக 1921இல் கிராம்வெல். 236 கிலோமீட்டருக்கு 42 ஆண்டுகள். கடைசித் தண்டவாளம் விழுந்தபோது தங்கவேட்டைக் காலம் முடிந்திருந்தது. கம்பளி, ஆடு, பழம், தானியம் என்று ஏற்றிக்கொண்டு ரயில் ஓடியது.

இந்தப் பாதையில் ஒரு துயரமும் இருக்கிறது. 1943 ஜூன் 4 அன்று கிராம்வெல்லிலிருந்து டனிடினுக்குப் போன பயணிகள் ரயில் ஹைட் என்ற ஊருக்கு அருகே ஒரு வளைவில் அதிவேகத்தில் தடம்புரண்டது. 21 பேர் இறந்தார்கள். ஹைட் பக்கம் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. அங்கே சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் நிற்பது நல்லது.

ரயிலின் முடிவு இரண்டு தவணையாக வந்தது. கிளைட்டில் பெரிய அணை கட்டத் திட்டமிட்டபோது, நீருக்குள் போகவிருந்த கிளைட் – கிராம்வெல் பகுதி 1980இல் மூடப்பட்டது. மீதிப் பாதை அணை வேலைக்கான சரக்கை ஏற்றிக்கொண்டு இன்னும் பத்து ஆண்டு தாக்குப்பிடித்தது. இதற்கிடையே லாரிப் போக்குவரத்துக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடுகளை 1983இல் அரசு நீக்கிவிட்டது. அணைச் சரக்கும் ஓய்ந்தபிறகு ரயிலுக்கு ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. 1990 ஏப்ரல் 30 கடைசி நாள். மிடில்மார்ச் வரையிலான கீழ்ப்பகுதியைச் சுற்றுலா ரயிலுக்காக டனிடின் நகராட்சி வாங்கிக்கொண்டது. அதற்கு மேலே கிளைட் வரை தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

எஞ்சியது ஜல்லி மேடை, பாலங்கள், சுரங்கங்கள், சில கொட்டகைகள். ஒரு ரயில்வே இப்படிச் செத்தால் வழக்கமாக நடப்பது வேறு. பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு கிலோமீட்டரை வேலிக்குள் சேர்த்துக்கொள்வார். ஒரு பாலத்தைப் பழைய இரும்புக்காரர் வாங்கிப் போவார். ஊர் எல்லையில் ஒரு துண்டில் வீட்டுமனை வரும். பத்து ஆண்டு கழித்து யாராவது சைக்கிள் பாதை என்று பேசும்போது, வரைபடத்தில் மட்டும் ஒரு கோடு இருக்கும்.

இங்கே அப்படி ஆகவில்லை. 1993இல் நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை முழுத் தடத்தையும் வாங்கியது. அடுத்த ஆண்டு உள்ளூர் ஆர்வலர்கள் சேர்ந்து ஒட்டாகோ மத்திய ரயில்தட அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். நிலம் அரசுத் துறை கையில், நிதி திரட்டுவது அறக்கட்டளை பொறுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். நிலம் யாருடையது என்ற கேள்வி அன்றே தீர்ந்துவிட்டது. அதனால் பணம் மெல்ல மெல்ல வந்தாலும் பாதையும் மெல்ல மெல்ல வளர முடிந்தது.

பண்ணையாளர்கள் பலருக்கு முதலில் இதில் விருப்பமே இல்லை. அவர்கள் பயத்தை நான் குறையாக எண்ணமாட்டேன். திறந்துவிட்ட வேலிக்கதவு வழியாக ஆடுகள் கலந்துபோனால் ஒரு நாள் வேலை போகும். கோடையில் காய்ந்த புல்லில் ஒரு சிகரெட் துண்டு விழுந்தால் மலையே எரியும். முன்பின் தெரியாதவர்கள் வீட்டு வாசலைக் கடந்துபோவதை யாரும் உடனே ஏற்பதில்லை. ரயில் போய்விட்டால் நிலமாவது திரும்பும் என்ற எண்ணமும் சிலருக்கு இருந்திருக்கும். பிற்காலத்தில் இதே வட்டாரத்துப் பண்ணை வீடுகளிலேயே பயணிகளுக்கு அறைகள் திறந்தன.

பாதை போட்ட வேலை

ரயில் மேடைமீது அப்படியே சைக்கிள் ஓட்ட முடியாது. ரயில் ஜல்லி கைமுஷ்டி அளவுக் கல். அதை அகற்றியோ மூடியோ, மேலே நுண்சரளை போட்டு உருளை ஓட்டி இறுக்க வேண்டியிருந்தது. தார் போடவில்லை. செலவு மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். சரளைப் பாதையில் வேகம் தானாகக் குறைகிறது. நடப்பவரும் குதிரையும் சைக்கிளும் ஒன்றாகப் போகலாம்.

பெரிய வேலை பாலங்களில். 60க்கும் மேற்பட்ட பாலங்கள். ரயில் பாலத்தில் கட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஆற்றைப் பார்க்கலாம், கைப்பிடியும் கிடையாது. ஒவ்வொன்றிலும் பலகைத் தளம் அடித்து, இருபுறமும் கைப்பிடி வேலி வைத்தார்கள். கம்பீரமானது பூல்பர்ன் பள்ளத்தாக்குப் பாலம். வெட்டிய கல்லை அடுக்கி எழுப்பிய தூண்கள்மேல் இரும்புத் தளம், அடியிலிருந்து 37 மீட்டர் உயரம். அதை ஒட்டியே இரண்டு சுரங்கங்கள், இரண்டும் 200 மீட்டருக்கு மேல் நீளம். உள்ளே விளக்கு கிடையாது. டார்ச் இல்லாமல் நுழையக்கூடாது. இயந்திரங்கள் அதிகம் எட்டாத காலத்தில், முகாம் போட்டுத் தங்கிய கூலித் தொழிலாளர்கள் கையால் செய்த வேலை இது. இன்று ஒரு சைக்கிள் பாதைக்காக இப்படி ஒரு பாலமும் இரண்டு சுரங்கமும் கட்ட எந்த அரசும் பணம் ஒதுக்காது.

தடத்தைப் பராமரித்த கேங்மேன்கள் ஒதுங்கிய சிறு கொட்டகைகளில் பலவற்றை இடிக்காமல் விட்டார்கள். இப்போது அவை மழைக்கும் வெயிலுக்கும் நிழல். உள்ளே அந்த இடத்தின் வரலாறு எழுதிய பலகை. மரமே இல்லாத இந்த வட்டாரத்தில் அந்தக் கொட்டகையின் மதிப்பு நண்பகலில் தெரியும்.

ரயில் ஊர்களின் இடைவெளி

இந்தப் பாதையைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. நீராவி ரயிலுக்குத் தண்ணீர் வேண்டும், எதிர் ரயிலுக்கு வழிவிட இடம் வேண்டும், பண்ணைகள் மாட்டுவண்டியிலும் குதிரைவண்டியிலும் கம்பளி மூட்டையைக் கொண்டுவர எட்டும் தூரத்தில் நிலையம் வேண்டும். ஆகவே பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வந்தது. நிலையம் இருந்த இடத்தில் ஒரு கடையும் மதுக்கூடத்தோடு சேர்ந்த விடுதியும் முளைத்தன. சரளையில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரும் உட்கார இடமும் வேண்டும். நூறு ஆண்டு முன் இன்ஜினுக்காகவும் மாட்டுவண்டிக்காகவும் போட்ட இடைவெளி இன்று இவருக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது. மிடில்மார்ச்சிலிருந்து ஹைட் வரை சுமார் 27 கிலோமீட்டர், ஓட்டுரேஹுவாவிலிருந்து லாடர் வரை சுமார் 22 கிலோமீட்டர் என்று இரண்டு இடத்தில்தான் நீண்ட வெறுமை. அங்கே இரண்டு போத்தல் தண்ணீர் அவசியம்.

ரயில் நின்றதும் இந்த ஊர்களுக்கு இருந்த காரணமே போயிற்று. கடை மூடியது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள். தடம் திறந்ததும் ஒரு நாளுக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போகும் பயணிகள் வந்தார்கள். காரில் போகிறவர் இந்த ஊர்களை ஒன்றரை மணி நேரத்தில் தாண்டிவிடுவார், ஒரு காபிகூடக் குடிக்காமல். சைக்கிளில் வருபவர் மூன்று நான்கு இரவு தங்கியே தீர வேண்டும்; பசியோடு வருவார்; கையில் சுமை வாங்கிக்கொண்டு போக முடியாததால் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே செலவு செய்வார். மெதுவாகப் போகும் பயணியால்தான் சிற்றூர் பிழைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தத் தடத்தில் அது கண்ணுக்குத் தெரிகிறது. பழைய நிலைய வளாகங்கள், ஆட்டுக் கொட்டகைகள், ஊர்ப் பள்ளி, தபால்காரர் வீடு எல்லாம் தங்கும் இடங்களாயின. பைகளை ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தனித் தொழிலாயிற்று.

வழியில் ரான்ஃபர்லியில் 1930களில் தீ விபத்துகளுக்குப் பிறகு ஆர்ட் டெக்கோ என்ற அக்காலக் கட்டடப் பாணியில் எழும்பிய கட்டடங்கள் இருக்கின்றன. இந்த ஊரைச் சூரியனாக வைத்து, பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவில், தடம் நெடுகக் கோள்களின் மாதிரிகளை நிறுத்தியிருக்கிறார்கள். பூமியை அடைய ஒன்றரை கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். நியூசிலாந்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் ரான்ஃபர்லியில்தான், 1903 ஜூலையில் மைனஸ் 25.6 டிகிரி. அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் பயணிகள் அதிகம் வருகிறார்கள் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் வெடர்பர்ன், கைபர்ன், ஸ்வின்பர்ன், கிம்மர்பர்ன் என்று வரிசையாக வரும். பர்ன் என்றால் ஸ்காட்லாந்து வழக்கில் ஓடை. முன்னால் வருவதெல்லாம் ஆடு, மாடு, பன்றி. இப்படிப் பெயர் வைத்தவர் நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன். அவர் நியூசிலாந்து வருவதற்கு முன்பு சிங்கப்பூரில் அரசு நில அளவையாளராக இருந்தவர். சிங்கப்பூர்த் தமிழர்கள் தினமும் கடக்கும் தாம்சன் ரோடு அவர் பெயரில்தான்.

ஓட்டுரேஹுவாவில் ஹேய்ஸ் பட்டறையைப் பார்க்காமல் போகக்கூடாது. 1895இல் எர்னஸ்ட் ஹேய்ஸ் தொடங்கிய பண்ணைக் கருவிப் பட்டறை அது. அவர் செய்த வேலிக்கம்பி இழுக்கும் கருவி நியூசிலாந்துப் பண்ணைகளில் புகழ்பெற்றது. அந்தக் கருவிகளை விற்றவர் அவர் மனைவி ஹன்னா. பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் பிடித்தார், சைக்கிளில். கல்லும் மேடுமாகக் கிடந்த வண்டித்தடங்களில், கியர் இல்லாத சைக்கிளில், அந்தக் காலத்துப் பாவாடையோடு. இந்த வட்டாரத்தின் முதல் நெடுந்தூர சைக்கிள் பயணி என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் ஹன்னாவைத்தான் சொல்வேன்.

நெருடும் இடங்கள்

குறைகளும் இருக்கின்றன. வாகனமில்லாத பாதைக்கு வந்துசேர வாகனம் வேண்டியிருக்கிறது. டனிடினிலிருந்து வரும் சுற்றுலா ரயில் ஒருகாலத்தில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்தது. 2020இல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டு, பிறகு சுருங்கிய அளவில்தான் திரும்பியது. பெரும்பாலோர் இப்போது காரிலோ வேனிலோதான் முனைக்கு வருகிறார்கள். பைகளும் வேனில்தான் போகின்றன. மிடில்மார்ச் வரை தண்டவாளம் இருந்தும் இப்படி ஆனது எனக்கு வருத்தம் தருகிறது. இந்தத் தடத்தின் தலைமாட்டில் ரயில் வந்து நிற்பதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறொன்று இருக்க முடியாது.

நெடுஞ்சாலைகளைக் குறுக்கே கடக்கும் இடங்கள் உண்டு. அந்தச் சாலைகளில் வண்டிகள் மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகின்றன. நாள் முழுக்க எஞ்சின் சத்தமே கேட்காமல் வந்தவருக்கு அந்த இருபது அடிதான் மிகவும் ஆபத்தானது. பிள்ளைகளோடு வருபவர்கள் கடக்கும் இடத்தில் கட்டாயம் இறங்கித் தள்ள வேண்டும். ரான்ஃபர்லியைச் சுற்றியுள்ள மனியோட்டோட்டோ சமவெளியில் எதிர்க்காற்று பிடித்துவிட்டால், மேலே போட்ட 75 வாட் கணக்கெல்லாம் மாறிவிடும். சமதளத்தில் ஏற்றம் ஏறுவதுபோல் மிதிக்க வேண்டிவரும். பராமரிப்பும் தீராத செலவு. சரளை மழையில் அரிக்கும், நூறு வயதைத் தாண்டிய பாலங்களில் மரம் இற்றுப்போகும்.

பக்கத்திலேயே இருக்கும் ஒப்பீடு

2009இல் பிரதமர் ஜான் கீ அரசு, நாடு முழுக்கச் சைக்கிள் தடங்கள் அமைக்க 5 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கியது. அப்போது எல்லோரும் கைகாட்டிய முன்மாதிரி இதுதான். அந்த அலையில் இதே வட்டாரத்தில் புதிய தடங்கள் வந்தன. ஒரே நிலம், ஒரே மலை, ஒரே மக்கள் என்பதால் ஒப்பிட வசதியாக இருக்கிறது.

கிளைட்டிலிருந்து கிராம்வெல் வரை டன்ஸ்டன் ஏரிக்கரைத் தடம் 2021இல் திறந்தது. சுமார் 40 கிலோமீட்டர். பழைய ரயில் தடம் அணை நீருக்குள் போய்விட்டதால் இங்கே புதிதாக வழி வெட்ட வேண்டியிருந்தது. இடமே இல்லாத பாறைச் சுவர்களில் நீருக்குமேல் தளங்களைத் தொங்கவிட்டார்கள், குறுக்குக் கணவாய்களில் தொங்குபாலம் போட்டார்கள். கண்கொள்ளாக் காட்சி. ஆனால் ஏற்றங்கள் செங்குத்து, வளைவுகள் குறுகல், ஒரு பக்கம் பாதாளம். ரயில்தடத்தில் தயங்காமல் போகும் தாத்தா பாட்டிகள் பலர் இங்கே தயங்குவார்கள்.

இன்னொரு பக்கம், அலெக்சாண்ட்ராவிலிருந்து தெற்கே ராக்ஸ்பர்க் பள்ளத்தாக்குத் தடம் 2013இல் திறந்தது. இங்கே ஒருபோதும் ரயில் ஓடவில்லை, கைமாறத் தயாராக ஒரு கீற்று நிலம் கிடைக்கவுமில்லை. அலெக்சாண்ட்ராவிலிருந்து பாதி வழி கட்டினார்கள். ராக்ஸ்பர்க் அணையிலிருந்து இந்தப் பக்கம் பாதி வழி கட்டினார்கள். நடுவே சுமார் 12 கிலோமீட்டருக்குப் பாதை இல்லை. அங்கே வந்துசேரும் பயணிகள் ஆற்றங்கரையில் இறங்கி நிற்பார்கள். முன்பதிவு செய்த விசைப்படகு வந்து, சைக்கிள்களை ஏற்றிக் கட்டிக்கொண்டு, அவர்களை அடுத்த துண்டின் தொடக்கத்தில் இறக்கிவிட்டுப் போகும்.